மாதம் 2,000 ரூபாயில் எங்கோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு உதவ முடியுமா? கடனா, கொடையா, எது சரி?

மிசோரம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சோறு வைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர். நம் ஊர் 'பிடி அரிசி' என்பதற்கும் அதற்கும் பொருள் ஒன்றுதான். தேவாலயத்தைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் அந்த அரிசியைச் சேகரித்து விற்பார்கள். வரும் பணம் பொதுப் பணிகளுக்குப் போகும். மாநிலத்துக்கு வெளியே நடக்கும் பணிகளுக்கும் போகும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது நடக்கிறது.

ஒரு பிடி குறைவதால் யாருக்கும் பசி வந்துவிடாது. அதே ஒரு பிடி ஆயிரக்கணக்கான வீடுகளில் சேர்ந்தால் பெரிய தொகை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அரிசிப் பாத்திரத்துக்குப் பதில் கையில் செல்போன் இருக்கிறது. உகாண்டாவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கடன் கொடுக்கலாம், கென்யாவில் ஒரு குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாம் என்று இணையதளங்கள் சொல்கின்றன. "நல்ல விஷயம்தானே, ஆனா இதெல்லாம் நிஜமா? நம்ம பணம் போய்ச் சேருமா? சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?" இந்த மூன்று கேள்விகளும் நியாயமானவை. நான்காவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: நாம் கொடுக்கும் கடன், வாங்குபவருக்குச் சுமையாகிவிடாதா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

25 டாலர் கடன் என்பது என்ன?

இந்தத் துறையில் அதிகம் அறியப்பட்ட பெயர் கிவா. 2005-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட லாப நோக்கமற்ற அமைப்பு. முதல் கடன்கள் உகாண்டாவின் டொரோரோ பகுதியில் இருந்த சிறு வியாபாரிகளுக்குப் போயின.

முறை எளிது. இணையதளத்தில் கடன் கேட்பவர்களின் படமும் கதையும் இருக்கும். ஒருவர் தையல் இயந்திரம் வாங்கக் கேட்பார், இன்னொருவர் ஆடு வாங்கக் கேட்பார், வேறொருவர் மகளின் படிப்புக்குக் கேட்பார். நீங்கள் குறைந்தபட்சம் 25 டாலர் கொடுக்கலாம். நம் மதிப்பில் 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ச் சாப்பிட்டால் வரும் பில்தான் அது. ஒருவர் கேட்கும் தொகை இப்படிப் பலர் கொடுக்கும் 25 டாலர்களால் நிரம்புகிறது.

கடன் வாங்கியவர் தவணை கட்டக் கட்ட உங்கள் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். வட்டி கிடையாது. திரும்பிய பணத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பலர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். அதனால் ஒரே 25 டாலர் சில ஆண்டுகளில் மூன்று, நான்கு பேரின் கைகளைச் சுற்றி வரும்.

திரும்பி வராமலும் போகலாம். நூற்றுக்குச் சுமார் 96 திரும்புவதாகக் கிவா சொல்கிறது. மீதி நான்கு உங்கள் இழப்பு. கடன் கொடுத்து வசூலிக்கும் உள்ளூர் நிறுவனம் மூழ்கிப்போனால் மொத்தமும் போகலாம். அதனால் இதை முதலீடு என்று நினைக்காதீர்கள். கைமாத்தாகக் கொடுப்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வருத்தம் இல்லை என்ற தொகையை மட்டும் கொடுங்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

பக்கத்து நாட்டிலிருந்துதான். 1974-ல் வங்கதேசத்தில் கடும் பஞ்சம். அப்போது சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தார் முகமது யூனுஸ். 1976-ல் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருந்த ஜோப்ரா கிராமத்தில், மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள் மூலப்பொருள் வாங்க வியாபாரியிடம் கடன் பட்டு, செய்த பொருளை அவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டிய நிலையில் இருப்பதைப் பார்த்தார். இப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் தேவையைக் கூட்டிப் பார்த்தபோது வந்த தொகை வெறும் 27 டாலர். தன் பையிலிருந்தே கொடுத்தார்.

அந்த முயற்சி வளர்ந்து 1983-ல் கிராமீன் வங்கி ஆனது. அடமானம் கேட்காமல், ஐந்து பேர் கொண்ட குழுவாகச் சேர்த்து, வாரத் தவணையில் வசூலிக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியது. 2006-ல் யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் ஊரில் இன்று வாரக் கூட்டம் போட்டு வசூலிக்கும் குழுக் கடன்களும் இந்த முறையின் வழி வந்தவைதான்.

படத்தில் இருப்பவருக்குத்தான் என் பணம் போகிறதா?

நேரடியாக இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கிவா தானே போய்க் கடன் கொடுப்பது பெரும்பாலும் கிடையாது. அந்தந்த நாட்டில் இருக்கும் சிறுகடன் நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. பெரும்பாலான நேரங்களில், நீங்கள் அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கையில் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் கொடுக்கும் 25 டாலர், அந்த நிறுவனம் ஏற்கனவே கொடுத்த பணத்தை ஈடுகட்டுகிறது. அந்த ஈட்டை வைத்து நிறுவனம் அடுத்தவருக்குக் கடன் கொடுக்கிறது.

2009-ல் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் இதை விளக்கி எழுதியபோது பெரிய விவாதம் எழுந்தது. அதன் பிறகு கிவா தன் இணையதளத்தில் இந்த நடைமுறையை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது.

ஏமாற்று வேலையா இது? அப்படிச் சொல்ல முடியாது. விதை வாங்க வேண்டிய விவசாயி, இணையத்தில் பணம் நிரம்பும் வரை காத்திருந்தால் பருவம் தப்பிவிடும். முன்கூட்டியே கொடுப்பது அவருக்கு வசதி. ஆனால் உங்கள் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பது இதனால் மாறுகிறது. படத்தில் இருப்பவரின் கதையைப் படிப்பதைவிட, அவருக்குக் கடன் கொடுத்த உள்ளூர் நிறுவனம் எப்படிப்பட்டது என்று படிப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு கடன் பக்கத்திலும் அந்த நிறுவனத்தின் விவரம் தனியாக இருக்கும். பலரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எனக்கு வட்டி இல்லை. அவருக்கும் இல்லையா?

பெரும்பாலும் உண்டு. உங்களுக்கு வட்டி வராது. ஆனால் உள்ளூர் நிறுவனம் கடன் வாங்கியவரிடம் வட்டி வாங்கும். ஆண்டுக்கு 20, 30 சதவீதத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு.

"அநியாயமா இருக்கே" என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் கடனுக்கும் 10,000 ரூபாய் கடனுக்கும் ஒரே அளவு வேலைதான்: வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வாரா வாரம் வசூலிக்கப் போக வேண்டும். சின்னத் தொகையில் அந்தச் செலவு பெரிதாகத் தெரியும். அதற்காக எல்லா வட்டியும் நியாயம் என்று ஆகிவிடாது. செலவைக் காரணம் காட்டி லாபத்தைப் பெருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

வட்டியைச் சொல்லும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 10,000 ரூபாய் கடன், 12 மாதம், 'ஃபிளாட்' வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வட்டி 1,200 ரூபாய். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக அவர் கையில் இருக்கும் கடன் 5,400 ரூபாய்தான். அதற்கு 1,200 ரூபாய் வட்டி என்றால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 22 சதவீதம். 'குறையும் அசலுக்கு எவ்வளவு, கட்டணங்களும் சேர்த்து எவ்வளவு' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வீட்டுக் கடனுக்கும் இதே கேள்விதான்.

வட்டி இல்லாத கடன்களும் கிவாவில் உண்டு. அமெரிக்காவில் உள்ள சிறு தொழில் செய்பவர்களுக்குக் கொடுக்கப்படும் கடன்கள் அப்படிப்பட்டவை. பணம் கொடுப்பவர்கள் மத்தியிலும் கேள்விகள் எழுந்திருக்கின்றன. கிவாவின் கட்டண முறையும் நிர்வாகச் செலவும் சரியில்லை என்று சொல்லி, 2021-ல் நீண்டகால உறுப்பினர்கள் சிலர் புதிதாகக் கடன் கொடுப்பதை நிறுத்தி எதிர்ப்பு தெரிவித்தார்கள். பெரிய பெயர் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

சிறுகடன் வறுமையை ஒழித்துவிடுமா?

இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. 2015-ல் இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளியாயின. இந்திய ஆய்வு ஹைதராபாத்தில் நடந்தது. அதை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் பின்னர் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

முடிவு இதுதான்: சிறுகடனால் சிலருக்குத் தொழில் கொஞ்சம் பெரிதாகிறது, எப்போது என்ன வாங்குவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் குடும்ப வருமானம் பெரிய அளவில் உயர்ந்துவிடவில்லை. வறுமையிலிருந்து கூட்டம் கூட்டமாக மேலே வந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அதாவது, சிறுகடன் ஒரு நல்ல கருவி. ஏற்கனவே தொழில் செய்பவருக்கு, சரக்கு வாங்கக் கைக்காசு இல்லாமல் நிற்கும் நேரத்தில் அது பெரிய உதவி. தொழிலே இல்லாதவருக்கு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாதவருக்கு, அது உதவி ஆகாது.

கடனே கழுத்தை இறுக்கினால்?

இங்கேதான் விஷயம் தீவிரமாகிறது. நம் பக்கத்திலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது ஆந்திரா. சிறுகடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. ஒரே பெண் மூன்று, நான்கு நிறுவனங்களில் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்கினார். 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. ஏழைகளுக்கான கடன் முதலீட்டாளர்களுக்கு லாபம் தரும் தொழிலாகிவிட்டதைக் காட்டிய தருணம் அது. அதே சமயம் வசூல் நெருக்கடி தாங்காமல் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூலுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகு அந்த மாநிலத்தில் கடன் திரும்புவதே ஏறக்குறைய நின்றுபோனது.

இரண்டாவது இலங்கை. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வேகமாக நுழைந்தன. கணவரை இழந்த, வருமானம் இல்லாத தமிழ்ப் பெண்கள் பலர் கடன் மேல் கடன் வாங்கிச் சிக்கினார்கள். 2018-ல் இலங்கை சென்ற ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, மிக அதிக வட்டியையும் வசூலிக்க வருபவர்களின் மிரட்டலையும் அத்துமீறல்களையும் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பிரச்னை புதிதல்ல. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டப்பேரவை தனிச் சட்டமே நிறைவேற்றியது.

ஆகவே "கடன் கொடுத்தால் அவர் தன்மானத்தோடு இருப்பார், சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்" என்ற பேச்சை அப்படியே ஏற்காதீர்கள். கட்ட முடியாத கடனில் தன்மானம் எங்கே இருக்கிறது? வாசலில் நின்று வசூலிப்பவர் கத்தும்போது முதலில் போவதே அதுதான்.

அப்படியானால் சும்மா கொடுப்பதுதான் நல்லதா?

சில சூழல்களில் ஆமாம். பணத்தை நேரடியாகக் கொடுத்துவிடும் 'கிவ் டைரக்ட்லி' என்ற அமைப்பு கென்யாவில் தொடங்கியது. அங்கே செல்போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா பரவலாக இருப்பதால், ஏழைக் குடும்பத்தின் கையில் இடைத்தரகர் இல்லாமல் பணம் சேர்கிறது. எப்படிச் செலவழிப்பது என்பது அவர்கள் விருப்பம். "குடிச்சே தீர்த்துடுவாங்க" என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். கென்யாவில் நடந்த ஆய்வுகளில், மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. கால்நடை, கூரைத் தகடு, சாப்பாடு போன்றவற்றுக்குத்தான் பணம் போயிருந்தது. இன்னொரு பெரிய ஆய்வில், கொடுக்கப்பட்ட ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பலன் தந்ததாகத் தெரியவந்தது. பணம் வாங்கியவர் கூரை போட்டால், கூரை போடும் கொத்தனாருக்கும் வருமானம்தானே.

பொருளாகப் போகும் உதவியும் உண்டு. மலேரியா கொசுவைத் தடுக்கும் மருந்து தோய்த்த வலை ஒன்றை வாங்க ஏறக்குறைய 2 டாலர்தான் ஆகிறது. 'அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு இந்த வலைகளுக்கு மட்டுமே நிதி திரட்டுகிறது. எந்த அமைப்புக்குக் கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் என்று கணக்குப் போட்டுச் சொல்லவே 2007-ல் தொடங்கப்பட்ட 'கிவ்வெல்' என்ற அமைப்பும் இருக்கிறது. அதன் ஆய்வுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

இரண்டையும் சேர்த்த ஒரு வழியும் உண்டு. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் மிக ஏழைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் ஆடோ மாடோ இலவசமாகக் கொடுப்பார்கள். அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்குச் சிறு உதவித்தொகை. பிறகு பயிற்சி, சேமிப்புப் பழக்கம். கால் ஊன்றிய பிறகுதான் கடன். ஆறு நாடுகளில் இந்த முறையைச் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது.

சுருக்கமாகச் சொன்னால்: தொழில் நடத்துபவருக்குக் கடன், உயிருக்கும் வயிற்றுக்கும் போராடுபவருக்குக் கொடை.

இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கொடையாக அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் தாராள அனுப்புத் திட்டத்தின் கீழ், அதாவது எல்.ஆர்.எஸ். விதிப்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பரிசும் நன்கொடையும் இதில் அடங்கும். பான் எண் கட்டாயம்.

கடன் விஷயத்தில் கவனம் தேவை. இந்தத் திட்டத்தில் கடன் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பது, வெளிநாட்டில் வாழும் உறவினரான இந்தியருக்குக் கொடுக்கும் கடன்தான். முன்பின் தெரியாத வெளிநாட்டவருக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்குவது வேறு விஷயம். அதனால் இந்தியாவில் வசிப்பவர்கள் அப்படிப்பட்ட தளங்களில் பணம் போடும் முன் தங்கள் வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது. கார்டு வேலை செய்துவிட்டது என்பதற்காக விதி அனுமதிக்கிறது என்று பொருள் இல்லை.

வரி விஷயமும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல், ஓராண்டில் இப்படி அனுப்பும் மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டும் தொகைக்கு 20 சதவீத டி.சி.எஸ். பிடிக்கப்படும். மாதம் 2,000 ரூபாய் அனுப்புபவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது. வங்கிக் கட்டணமும் நாணய மாற்றுச் செலவும் சிறு தொகையில் கணிசமாகக் கடிக்கும். எனவே மாதா மாதம் அனுப்புவதைவிட, சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒருமுறை அனுப்புவது லாபம்.

"இந்திய அறக்கட்டளைக்குக் கொடுத்து, அவர்கள் வழியாக வெளிநாட்டில் செலவழிக்கலாமே?" என்று கேட்கலாம். இந்திய அறக்கட்டளை வெளிநாட்டில் செய்யும் செலவுக்குப் பொதுவாக வரிவிலக்கு கிடைக்காது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். பல அமைப்புகள் அந்தப் பக்கம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கா சிங்கப்பூரில், அண்ணன் அமெரிக்காவில். அவர்கள் இங்கே கொடுக்கலாமா?

இது பல வீடுகளில் நடப்பது. ஊர்ப் பள்ளிக்கோ, தெரிந்த தொண்டு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுச் சொந்தங்கள் பணம் அனுப்ப விரும்புவார்கள். இங்கே முக்கியமானது பாஸ்போர்ட்.

அக்காவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் கொடுக்கும் பணம் 'வெளிநாட்டு நன்கொடை' ஆகாது. அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அந்த நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். பதிவு இல்லாத சிறு அமைப்பின் கணக்கில் அண்ணன் நல்ல மனதோடு பணம் போட்டுவிட்டால், மாட்டிக்கொள்வது அந்த அமைப்புதான். அனுப்பும் முன் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

இந்தியாவுக்குள்ளேயே கடன் கொடுக்க வழி உண்டா?

உண்டு. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இது சுலபமான வழியும்கூட. பெங்களூருவிலிருந்து இயங்கும் ரங் தே 2008-ல் தொடங்கப்பட்டது. விவசாயிகள், கைவினைஞர்கள், சிறு தொழில் செய்பவர்களுக்குப் பொதுமக்கள் சேர்ந்து குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வழி செய்கிறது. 2010-ல் தொடங்கிய மிலாப் தளமும் முதலில் சிறுகடன் வழியாகத்தான் வந்தது. இன்று அது மருத்துவச் செலவுக்கான நிதி திரட்டலால் அதிகம் அறியப்படுகிறது.

ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் தளங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017-ல் விதிகள் வகுத்தது. நினைவில் வைக்க வேண்டியவை:

- தளத்துக்கு ரிசர்வ் வங்கியின் பதிவு இருக்க வேண்டும். வங்கியின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது.
- நீங்கள் ஒருவருக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் கொடுக்கலாம். கடன் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது.
- பணம் தளத்தின் சொந்தக் கணக்குக்குப் போகாமல், தனி எஸ்க்ரோ கணக்கு வழியாகவே போய் வர வேண்டும்.
- பணம் திரும்பும் என்று தளம் உத்தரவாதம் தரக் கூடாது. 2024 ஆகஸ்டில் இந்த விதிகள் இன்னும் இறுக்கப்பட்டன. "நிச்சய வருமானம்" என்று யாராவது விளம்பரம் செய்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிடைக்கும் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொடையாகக் கொடுத்தால், 80ஜி பதிவுள்ள அமைப்பிடம் ரசீதோடு படிவம் 10பிஇ சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. சம்பளக்காரர்கள் பலர் இப்போது புதிய முறையில்தான் இருக்கிறார்கள். "வரி மிச்சமாகும்" என்று யாராவது சொல்லி நன்கொடை கேட்டால், உங்களுக்கு அது பொருந்துமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

*தனி உண்டியல்.* பிடி அரிசி முறையேதான். சம்பளம் வந்த அன்றே ஒரு சிறு தொகை தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்றால், மிச்சம் இருக்கவே இருக்காது.

*மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம்.* வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யாருக்குக் கொடுப்பது என்று பேசுங்கள். ஒரு முறை பாட்டி தேர்ந்தெடுக்கட்டும், அடுத்த முறை பத்து வயதுப் பையன் தேர்ந்தெடுக்கட்டும். "இவங்க ஏன் ஆடு வாங்கக் கடன் கேக்குறாங்க?" என்று அவன் கேட்கும் கேள்வியில் தொடங்கும் பேச்சு, பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

*அலுவலகத்தில் விசாரியுங்கள்.* ஊழியர் கொடுக்கும் தொகைக்கு இணையாக நிறுவனமும் கொடுக்கும் திட்டம் சில இடங்களில் உண்டு. மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்கக் கொண்டாடப்படும் 'தான் உத்சவ்' வாரம் இதைத் தொடங்க நல்ல நேரம்.

*விசேஷங்களில்.* பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், இந்த அமைப்புக்குக் கொடுங்கள் என்று சொல்லலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் கிவா போன்ற தளங்களில் பரிசு அட்டை வாங்கி, அங்கேயே இருக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இவருக்குத் தேவைப்படுவது கடனா, கொடையா?
2. கடன் என்றால், கட்டணம் எல்லாம் சேர்த்து அவர் கட்டும் உண்மையான வட்டி எவ்வளவு?
3. கட்ட முடியாமல் போனால் உள்ளூர் நிறுவனம் என்ன செய்யும்? தவணை தள்ளிப்போடுமா, வாசலில் வந்து நிற்குமா?
4. அமைப்பின் பதிவும் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் பொதுவெளியில் இருக்கின்றனவா?
5. இந்தப் பணம் திரும்பி வராவிட்டால் என் வீட்டுச் செலவு பாதிக்குமா?

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் விலகிவிடுங்கள். ஐந்தாவதற்கு 'ஆம்' என்றால் தொகையைக் குறையுங்கள். மூன்றாவது கேள்வியைத்தான் நாம் கேட்க மறந்துவிடுகிறோம். இலங்கைப் பெண்களின் அனுபவம் அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று காட்டுகிறது.

இவ்வளவு விசாரணையும் 2,000 ரூபாய்க்கா என்று தோன்றலாம். உங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வாங்குபவருக்கு அது ஒரு பருவத்தின் விதையாக இருக்கலாம், அல்லது அடுத்த ஆறு மாதத் தூக்கத்தைக் கெடுக்கும் தவணையாக இருக்கலாம். எதுவாக ஆகும் என்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.